உயர் பணவீக்கக் காலத்தில் பல்தொழில் நிறுவனத்தின் உள்ளார்ந்த மதிப்பு வளர்ச்சியை மதிப்பிடுதல்: பெர்க்சயர் ஹாத்தவே நிறுவனத்தை முன்வைத்து (1964–1985)

ஆய்வுச் சுருக்கம்

விலைவாசி விரைந்து உயரும் காலத்தில் நிறுவனங்களின் இலாபமும் ஏட்டு மதிப்பும் கூடுவதாகக் கணக்கேடுகள் காட்டும். அவ்வளர்ச்சியில் எவ்வளவு உரிமையாளரின் வாங்கும் ஆற்றலைப் பெருக்கியது, எவ்வளவு நாணயத்தின் தேய்வால் விளைந்த எண்பெருக்கம் என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. தன்மையில் வேறுபட்ட பல தொழில்களைக் கொண்ட பல்தொழில் நிறுவனத்தில் இச்சிக்கல் மேலும் கடினமாகிறது. அமெரிக்காவின் பெர்க்சயர் ஹாத்தவே நிறுவனம் 1964 முதல் 1985 வரை வெளியிட்ட தரவுகளைக் கொண்டு, இத்தகைய மதிப்பீட்டை எவ்வாறு செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வொரு தொழிலும் தன் மெய்யான ஈட்டும் ஆற்றலைக் காத்துக்கொள்ள எவ்வளவு மூலதனத்தை விழுங்குகிறது என்பதே மதிப்பீட்டின் அச்சாக அமைய வேண்டும் என்பதும், பணத்தை ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் உரிமையே பல்தொழில் அமைப்புக்குப் பணவீக்கக் காலத்தில் தனி மதிப்பைத் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: உள்ளார்ந்த மதிப்பு, பணவீக்கம், ஏட்டு மதிப்பு, பகிரத்தக்க வருவாய், மூலதன ஈட்டு வீதம், பல்தொழில் நிறுவனம்

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் வாழ்நாள் முழுவதும் உரிமையாளருக்கு எடுத்துத் தரக்கூடிய பணத்தின் இன்றைய மதிப்பே அதன் உள்ளார்ந்த மதிப்பு எனப்படும். இவ்வரையறையில் ‘எடுத்துத் தரக்கூடிய’ என்னும் சொல் முதன்மையானது. ஈட்டிய இலாபம் அனைத்தும் எடுத்துத் தரக்கூடியதன்று. தொழில் இன்றிருக்கும் நிலையில் நாளையும் நிற்பதற்குத் தேவையான பணத்தை ஒதுக்கிய பின் எஞ்சுவதே உரிமையாளருக்குரியது. விலைகள் நிலையாக இருக்கும் காலத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறிது. ஆதலால் இலாபத்தை அளவுகோலாகக் கொள்வதில் பெரும்பிழை நேர்வதில்லை. பணவீக்கம் உயரும்போது அந்த இடைவெளி அகன்று, சில தொழில்களில் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 1970களும் 1980களின் தொடக்கமும் இத்தகைய காலமாக இருந்தன. அந்நாட்டு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 1974ஆம் ஆண்டில் 12.3%, 1979இல் 13.3%, 1980இல் 12.5% உயர்ந்தது. பால் வோல்க்கர் 1979 ஆகஸ்டில் மத்திய வங்கியின் தலைமையை ஏற்றபின் வட்டி வீதங்கள் வரலாறு காணாத அளவுக்கு உயர்த்தப்பட்டன. பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்தின் ஈட்டு வீதம் 1981 செப்டம்பரில் 15.8 விழுக்காட்டைத் தொட்டது. இக்காலத்தில் நெசவாலை, காப்பீடு, மிட்டாய் உற்பத்தி, செய்தித்தாள், பங்கு முதலீடு எனப் பல தொழில்களை ஒருங்கே கொண்டிருந்த பெர்க்சயர் ஹாத்தவே, தன் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டு மடல்களில் பணவீக்கத்தின் விளைவுகளை வெளிப்படையாக விவாதித்தது. எனவே இந்நிறுவனம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான சான்றாகிறது.

ஏட்டு மதிப்பு என்னும் அளவுகோல்

பெர்க்சயரின் பங்கொன்றுக்கான ஏட்டு மதிப்பு 1964ஆம் நிதியாண்டின் இறுதியில் 19.46 டாலராக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் வைத்திருந்த பங்குகளைச் சந்தை விலையில் கணக்கிட்டால், 1979 இறுதியில் அது 335.85 டாலராக உயர்ந்திருந்தது. இது ஆண்டுக்கு 20.5% கூட்டு வளர்ச்சியாகும். இதே காலத்தில் நுகர்வோர் விலைகள் ஆண்டுக்குச் சுமார் 6% உயர்ந்தன. எனவே மெய்யான வளர்ச்சி ஏறத்தாழ 13.5% எனக் கொள்ளலாம்.

எனினும் 1979ஆம் ஆண்டு மடலில் வாரன் பஃபெட் வேறொரு ஒப்பீட்டையும் குறிப்பிடுகிறார். 1964இன் ஏட்டு மதிப்பைக் கொண்டு அன்று ஏறத்தாழ அரை அவுன்சு தங்கம் வாங்கியிருக்கலாம். பதினைந்து ஆண்டுகள் இலாபம் முழுவதையும் மறுமுதலீடு செய்தபின் அடைந்த மதிப்பைக் கொண்டும் ஏறத்தாழ அதே அரை அவுன்சைத்தான் வாங்க முடிந்தது. இவ்விரு கணக்குகளும் ஒரே எண்களிலிருந்து பிறந்தவை. ஒன்று 13.5% மெய்வளர்ச்சியைக் காட்டுகிறது. மற்றது வளர்ச்சியே இல்லை எனக் காட்டுகிறது. இவ்வேறுபாடு எதைக் கொண்டு பணத்தின் தேய்வை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தங்கத்தை அளவுகோலாகக் கொள்வதில் குறைபாடு உண்டு. 1964இல் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 டாலர் என அரசால் கட்டப்பட்டிருந்தது. 1933 முதல் 1974 இறுதிவரை அமெரிக்கக் குடிமக்கள் தங்கத்தை முதலீடாக வைத்திருக்கவே தடை இருந்தது. கட்டப்பட்ட விலையிலிருந்து தொடங்கி, அச்சம் உச்சத்திலிருந்த 1979இன் விலையில் முடியும் ஒப்பீடு நடுநிலையானதன்று. பங்குதாரர் வாங்க விரும்புவது உணவு, உறைவிடம், கல்வி, மருத்துவம் போன்றவற்றை; ஆகவே நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணே ஏற்புடைய அளவுகோல். ஆயினும் தங்க ஒப்பீடு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது: 20.5% என்னும் எண் தன்னளவில் எதையும் மெய்ப்பிப்பதில்லை.

ஏட்டு மதிப்பில் வேறு இரு குறைகளும் உள்ளன. முதலாவது, காப்பீட்டு நிறுவனங்கள் பங்குகளைச் சந்தை விலையிலும் கடன் பத்திரங்களை வாங்கிய விலையை ஒட்டியும் கணக்கில் காட்டின. 9% வட்டி தரும் முப்பதாண்டுப் பத்திரம் ஒன்றை 100 டாலருக்கு வாங்கியபின் சந்தை வட்டி 14% ஆக உயர்ந்தால், அப்பத்திரத்தின் விலை சுமார் 65 டாலராகக் குறையும். இந்த 35 டாலர் இழப்பு ஏட்டில் தோன்றுவதில்லை. இரண்டாவது, வட்டி வீதம் குறையும்போது பங்குச் சந்தை உயர்வதால் ஏட்டு மதிப்பு திடீரெனப் பெருகும். 1982ஆம் ஆண்டில் பெர்க்சயரின் ஏட்டு மதிப்பு 40% உயர்ந்தது. பத்தாண்டுப் பத்திர ஈட்டு வீதம் அவ்வாண்டின் இறுதிக்குள் 10.5% அளவுக்கு இறங்கியிருந்தது என்பதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். தொழில்களின் ஈட்டும் ஆற்றல் ஓராண்டில் 40% வளர்ந்ததாகக் கொள்ள இடமில்லை. ஆகவே ஓராண்டின் ஏட்டு வளர்ச்சியைவிட நீண்டகால ஏட்டு வளர்ச்சியே ஓரளவு நம்பத்தக்கது.

பதிலீட்டுச் செலவு என்னும் மாற்றுவழி

வரலாற்று விலைக் கணக்கின் குறையை உணர்ந்த அமெரிக்க நிதிக் கணக்கியல் தரநிலை வாரியம், 1979 செப்டம்பரில் வெளியிட்ட 33ஆவது அறிக்கையின் வழி, பெருநிறுவனங்கள் பணவீக்கத்துக்கேற்பத் திருத்திய தகவல்களைத் துணைக் கணக்காக வெளியிட வேண்டுமெனப் பணித்தது. சொத்துகளை இன்றைய செலவில் மதிப்பிடுவது அதன் வழிமுறைகளுள் ஒன்று. 1986 டிசம்பரில் இக்கட்டாயம் நீக்கப்பட்டது.

தேய்மானத்தைத் திருத்துவதற்குப் பதிலீட்டுச் செலவு பயன்படும். ஆனால் அதையே சொத்தின் மதிப்பாகக் கொண்டால் பெரும்பிழை நேரும். பெர்க்சயரின் நெசவாலை இதற்குத் தெளிவான சான்று. 1985இல் அவ்வாலை மூடப்பட்டபோது, அதன் இயந்திரங்களின் தொடக்க விலை சுமார் 1.3 கோடி டாலர். தேய்மானம் கழித்த ஏட்டு மதிப்பு 8.66 இலட்சம் டாலர். அவற்றைப் புதிதாக நிறுவ 3 கோடி முதல் 5 கோடி டாலர் வரை செலவாகியிருக்கும். ஏலத்தில் கிடைத்த மொத்தத் தொகையோ 1,63,122 டாலர் மட்டுமே. பதிலீட்டுச் செலவை மதிப்பெனக் கொண்டவர் உண்மையைக் காட்டிலும் ஏறத்தாழ இருநூறு மடங்கு மிகையாக மதிப்பிட்டிருப்பார். பணவீக்கம் ஓர் இயந்திரத்தின் விலையை உயர்த்தலாம். அவ்விலைக்கு ஈடான வருவாயை அவ்வியந்திரம் ஈட்டும் என்பதற்கு அது உறுதியளிப்பதில்லை.

பகிரத்தக்க வருவாய்: ஓர் எளிய மாதிரி

பணவீக்கம் உயர்ந்தால் நிறுவனங்கள் தம் விலையை உயர்த்தி ஈடுசெய்துகொள்ளும், ஆதலால் பங்குகள் பணவீக்கத்துக்கு எதிரான கேடயம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1977 மே மாத ஃபார்ச்சூன் இதழில் எழுதிய கட்டுரையில் பஃபெட் இதை மறுத்தார். அமெரிக்க நிறுவனங்களின் பங்கு மூலதன ஈட்டு வீதம் பணவீக்கம் எவ்வாறிருப்பினும் 12% அளவிலேயே நின்றது என்பது அவர் வாதம். ஈட்டு வீதம் உயராமல் பணவீக்கம் மட்டும் உயர்ந்தால், இலாபத்தில் பெரும்பகுதி பழைய அளவிலான சரக்கிருப்பையும் கடன் வரவையும் இயந்திரங்களையும் புதிய விலையில் பேணுவதற்கே செலவாகும்.

இதனை ஒரு சமன்பாடாகச் சுருக்கலாம். உற்பத்தி அளவு மாறாத ஒரு தொழிலில், விலை உயரும் வீதத்திலேயே புலனாகும் மூலதனமும் உயர வேண்டியிருக்கும் எனக் கொள்வோம். அப்போது,

பகிரத்தக்க பங்கு = 1 − (பணவீக்க வீதம் ÷ மூலதன ஈட்டு வீதம்)

ஆண்டுக்குத் தலா 10 கோடி டாலர் ஈட்டும் ‘அ’, ‘ஆ’ என்னும் இரு தொழில்களைக் கருதுவோம். ‘அ’வுக்கு 20 கோடி, ‘ஆ’வுக்கு 80 கோடி மூலதனம் தேவை. எனவே அவற்றின் ஈட்டு வீதங்கள் முறையே 50%, 12.5%. பணவீக்கம் நீக்கிய தள்ளுபடி வீதத்தை 6% எனக் கொண்டால் கிடைக்கும் மதிப்புகள் வருமாறு:

| பணவீக்கம் | ‘அ’ பகிரத்தக்கது (கோடி) | ‘அ’ மதிப்பு (கோடி) | ‘ஆ’ பகிரத்தக்கது (கோடி) | ‘ஆ’ மதிப்பு (கோடி) |
|---|---|---|---|---|
| 0% | 10.0 | 167 | 10.0 | 167 |
| 8% | 8.4 | 140 | 3.6 | 60 |
| 12.5% | 7.5 | 125 | 0 | 0 |

இலாபத்தைப் பத்தால் பெருக்கி மதிப்பிடும் வழக்கப்படி இரு தொழில்களும் எப்போதும் 100 கோடி மதிப்புடையவை. 8% பணவீக்கத்தில் ‘அ’ தன் ஏட்டு மூலதனத்தைப் போல் ஏழு மடங்கு மதிப்புடையதாகிறது. ‘ஆ’வின் மதிப்போ அதன் ஏட்டு மூலதனத்தினும் குறைகிறது. 12.5% பணவீக்கத்தில் ‘ஆ’ ஆண்டுதோறும் 10 கோடி இலாபம் காட்டியபடியே உரிமையாளருக்கு எதையும் தராத தொழிலாகிவிடுகிறது. பணவீக்கத்தை நிறுவனத்தின் வயிற்றில் வாழும் நாடாப்புழுவுக்குப் பஃபெட் ஒப்பிட்டதன் பொருள் இதுவே.

இம்மாதிரியில் தள்ளுபடி வீதமும் வருவாயும் இரண்டும் பணவீக்கம் நீக்கியவையாக இருத்தல் இன்றியமையாதது. பிராங்கோ மோடிகிலியானியும் ரிச்சர்ட் கோனும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அக்கால முதலீட்டாளர்கள் மெய்யான வருவாயைப் பணவீக்கம் சேர்ந்த வட்டி வீதத்தால் தள்ளுபடி செய்தனர் என்றும், கடன் சுமை பணவீக்கத்தால் தேய்வதைக் கணக்கில் கொள்ளவில்லை என்றும், அதனால் பங்குகளைக் குறைத்து மதிப்பிட்டனர் என்றும் வாதிட்டனர். இவ்வாய்வு பஃபெட்டின் வாதத்துக்கு முரணானது போலத் தோன்றும். ஆனால் ஒன்று சந்தை செய்யும் தவற்றைச் சொல்கிறது. மற்றது தொழிலுக்கு நேரும் இழப்பைச் சொல்கிறது. மதிப்பீட்டாளர் இரண்டையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

சீஸ் கேண்டீஸ்: மாதிரியைத் தரவுடன் ஒப்பிடுதல்

கலிபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ் மிட்டாய் நிறுவனத்தை, பின்னாளில் பெர்க்சயரின் துணை நிறுவனமான புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் 1972இன் தொடக்கத்தில் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது அதன் நிகரப் புலனாகும் சொத்து சுமார் 80 இலட்சம் டாலர். 1972இலும் 1983இலும் அதன் நிலை வருமாறு:

| விவரம் | 1972 | 1983 | மடங்கு |
|---|---|---|---|
| விற்பனை (கோடி டாலர்) | 3.134 | 13.353 | 4.26 |
| வரிக்குப் பிந்தைய இலாபம் (கோடி டாலர்) | 0.208 | 1.370 | 6.58 |
| விற்ற அளவு (கோடி பவுண்டு எடை) | 1.695 | 2.465 | 1.45 |
| நிகரப் புலனாகும் சொத்து (கோடி டாலர், ஏறத்தாழ) | 0.8 | 2.0 | 2.5 |
| நுகர்வோர் விலைக் குறியீட்டெண் (1982–84 = 100) | 41.8 | 99.6 | 2.38 |

இலாபம் பெயரளவில் 6.58 மடங்காகியது, விலை உயர்வை நீக்கினால் 2.76 மடங்கு. அதாவது ஆண்டுக்குப் பெயரளவில் 18.7%, மெய்யளவில் 9.7% வளர்ச்சி. இந்த 2.76 மடங்கை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம். ஒரு பவுண்டு மிட்டாயின் விலை 1.85 டாலரிலிருந்து 5.42 டாலராக உயர்ந்தது. பணவீக்கம் நீக்கினால் இது 1.23 மடங்கு. விற்ற அளவு 1.45 மடங்கு. விற்பனையில் இலாபத்தின் விகிதம் 6.6 விழுக்காட்டிலிருந்து 10.3% ஆனது, இது 1.54 மடங்கு. இம்மூன்றின் பெருக்கமே 2.76.

மூலதனத்தின் நிலை மேலும் கருதத்தக்கது. புலனாகும் சொத்து 2.5 மடங்காகவும் பொது விலைமட்டம் 2.38 மடங்காகவும் உயர்ந்துள்ளன. மெய்யளவில் நோக்கினால் மூலதனம் ஏறத்தாழ மாறவேயில்லை. மாறாத மூலதனத்தைக் கொண்டு மெய்யான இலாபத்தை 2.76 மடங்காக்கியது என்பதே இத்தொழிலின் சிறப்பு. 1972இல் 26% ஆக இருந்த மூலதன ஈட்டு வீதம் 1983இல் சுமார் 68% ஆயிற்று. இப்பதினோர் ஆண்டுகளின் சராசரிப் பணவீக்கம் 8.2%. மேற்கண்ட சமன்பாட்டின்படி 1972இன் நிலையில் இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், 1983இன் நிலையில் எட்டில் ஒரு பங்குமே தொழிலைப் பேணத் தேவை. 12% ஈட்டும் சராசரித் தொழிலொன்று அதே பணவீக்கத்தில் இலாபத்தில் 68 விழுக்காட்டைத் தொழிலுக்குள்ளேயே புதைக்க வேண்டியிருந்திருக்கும்.

பணவீக்கம் கடுமையாக இருந்த பிற்பகுதியைத் தனியே நோக்கினால் விலை நிர்ணய ஆற்றலின் பங்கு தெளிவாகும். 1979 முதல் 1983 வரை விற்ற அளவு 2.40 கோடி பவுண்டிலிருந்து 2.47 கோடியாக மட்டுமே கூடியது. ஆனால் இலாபம் 63.3 இலட்சம் டாலரிலிருந்து இரு மடங்குக்கும் மேலாகியது. ஒரு பவுண்டின் விலை 49% உயர, பொது விலைமட்டம் 37% உயர்ந்தது. நுகர்வோர் மனத்தில் பதிந்த பெயரும் சுவையும் விலையை உயர்த்த இடம் தந்தன. அப்பெயரைப் புதிய விலையில் மறுபடி வாங்க வேண்டியதில்லை. பொருளியல் நற்பெயர் பணவீக்கக் காலத்தில் மதிப்பு மிகுவதற்குக் காரணம் இதுவே. ஏட்டிலோ அந்நற்பெயர் ஆண்டுதோறும் எழுதிக் கழிக்கப்பட்டுவந்தது. உள்ளார்ந்த மதிப்பு உயர, ஏட்டு மதிப்பு அதற்கு எதிர்த்திசையில் நகர்ந்தது.

பங்கு முதலீடுகளும் காப்பீடும்

பெர்க்சயரின் மதிப்பில் பெரும்பகுதி பிற நிறுவனங்களின் பங்குகளாக இருந்தது. அக்காலக் கணக்கியல் முறைப்படி 20 விழுக்காட்டுக்குக் குறைவான உடைமையில், பெற்ற ஈவுத்தொகை மட்டுமே வருவாயாகக் காட்டப்பட்டது. கெய்கோ காப்பீட்டு நிறுவனத்தில் பெர்க்சயருக்கு மூன்றில் ஒரு பங்கு உடைமை இருந்தும், வாக்குரிமை குறித்த தனி ஏற்பாட்டால் அதுவும் இவ்வகையிலேயே சேர்க்கப்பட்டது. 1980இல் அதன் ஈவுத்தொகை சுமார் 30 இலட்சம் டாலர். அவ்வுடைமைக்குரிய ஈட்டும் ஆற்றலோ சுமார் 2 கோடி டாலர் என நிறுவனம் மதிப்பிட்டது. எனவே பகிரப்படாத இலாபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை முழுமையாகச் சேர்ப்பதும் தவறு. அந்நிறுவனம் தன்னைப் பேணிக்கொள்ளத் தேவையான பகுதியை மேற்கண்ட சமன்பாட்டால் நீக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

காப்பீட்டுத் தொழிலில் பணவீக்கம் இருமுனையிலும் வெட்டும். கட்டணம் இன்று பெறப்படுகிறது. இழப்பீடு பின்னாளில், உயர்ந்த விலையில் வழங்கப்படுகிறது. வாகனப் பழுது, மருத்துவம், நீதிமன்றத் தீர்ப்புத் தொகை ஆகியன பொது விலைமட்டத்தைவிட விரைந்து உயரக்கூடும். ஆதலால் ஒதுக்கீடுகள் போதாமற்போகும் இடர் மிகுதி. மறுபுறம், இழப்பீடு வழங்கும்வரை கையிலிருக்கும் மிதவை நிதியை உயர்ந்த வட்டியில் குறுகிய காலத்துக்கு முதலீடு செய்ய முடிகிறது. இத்தொழிலின் மதிப்பு இவ்விரண்டின் நிகர விளைவைப் பொறுத்தது. நீண்டகாலப் பத்திரங்களில் ஆழ்ந்திருந்தால் அவற்றின் சந்தை இழப்பை ஏட்டில் இல்லாவிடினும் கழித்தாக வேண்டும். நிலையான வட்டியில் பெற்ற நீண்டகாலக் கடன் இருப்பின், அது தேய்வதால் வரும் ஆதாயத்தைக் கூட்ட வேண்டும்.

கூறுகளை ஒன்றுசேர்த்தல்

‘அ’, ‘ஆ’ ஆகிய இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிரிவுகள் எனக் கொள்வோம். 8% பணவீக்கத்தில் மொத்த இலாபம் 20 கோடி, மூலதனம் 100 கோடி, பகிரத்தக்கது 12 கோடி. பிரிவுகளைத் தனித்தனியே கணக்கிட்டாலும் 8.4, 3.6 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 12 கோடியே. இந்நிலையில் பிரித்து மதிப்பிடுவதால் மொத்தம் மாறுவதில்லை.

பணவீக்கம் 15% ஆனால் நிலை வேறு. ‘அ’வுக்கு 3 கோடி மறுமுதலீடு போதும்; ‘ஆ’வுக்கு அதன் இலாபத்தைவிட மிகுதியாக 12 கோடி தேவை. மொத்தத்தை மட்டும் நோக்கினால் பகிரத்தக்கது 5 கோடி, மதிப்பு 83 கோடி. ஆனால் ‘ஆ’வுக்குப் பணம் தர மறுத்து, அதைச் சுருக்கிக்கொள்ள மேலாண்மை முடிவெடுத்தால், ‘அ’விலிருந்து மட்டும் 7 கோடி கிடைக்கும், மதிப்பு 117 கோடி. ‘ஆ’வின் சரக்கிருப்பையும் வரவுகளையும் விற்றுப் பெறும் தொகை இதற்கு மேலானது. தனித்து இயங்கும் நெசவாலை ஒன்றின் மேலாளர் தன் பணத்தை நெசவிலேயே போடும் கட்டாயத்தில் இருப்பார். பல்தொழில் நிறுவனத்துக்கு அக்கட்டாயம் இல்லை. பெர்க்சயர் 1967இல் நேஷனல் இண்டெம்னிட்டி காப்பீட்டு நிறுவனத்தை 86 இலட்சம் டாலருக்கு வாங்கியது முதல் நெசவின் பணத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பியது. இவ்வுரிமையை அந்நிறுவனம் பயன்படுத்தியதற்கு இது சான்று. நெசவாலையை 1985 வரை தொடர்ந்ததும், 1975இல் வாம்பெக் என்னும் மற்றொரு ஆலையை வாங்கியதும் இவ்வுரிமை எப்போதும் முழுமையாகப் பயன்படுத்தப்படுவதில்லை என்பதையும் காட்டுகின்றன. ஆகவே மேலாண்மையின் மூலதனப் பகிர்வு வரலாறு மதிப்பீட்டின் உள்ளீடுகளுள் ஒன்றாக வேண்டும்.

உரிமையாளரின் நிலையில் வரியையும் கருத வேண்டும். 1979இன் 13.3% பணவீக்கத்தில், 20% ஈட்டும் நிறுவனம் இலாபம் முழுவதையும் ஈவுத்தொகையாக வழங்கினால், 50% வரி செலுத்தும் பங்குதாரர் 10 புள்ளிகளை வரியாகவும் 13.3 புள்ளிகளைப் பணவீக்கத்துக்கும் இழப்பார். 20% ஈட்டியும் அவர் வாங்கும் ஆற்றல் குறைகிறது. இலாபத்தைத் தக்கவைத்து 20.5% வளரும் நிறுவனத்திலோ, அன்றைய உச்சமான 28% மூலதன ஆதாய வரியைக் கணக்கிட்டால், வரி 5.7 புள்ளிகள், பணவீக்கத்துடன் சேர்த்து 19. எஞ்சுவது ஒன்றரைப் புள்ளி. மிகச் சிறந்த வளர்ச்சியிலும் உயர் பணவீக்கம் உரிமையாளருக்கு விட்டுவைப்பது இவ்வளவே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. உயர் பணவீக்கக் காலத்தில் ஏட்டு மதிப்பின் வளர்ச்சி உள்ளார்ந்த மதிப்பின் வளர்ச்சியைக் காட்டாது. பத்திர இழப்புகளை மறைத்து மிகையாகவும், பொருளியல் நற்பெயரை விட்டுவிட்டுக் குறைவாகவும் அது காட்டக்கூடும்.

2. பதிலீட்டுச் செலவைத் தேய்மானத்தைத் திருத்தப் பயன்படுத்தலாம். சொத்தின் மதிப்பாகக் கொள்ளலாகாது.

3. ஒவ்வொரு பிரிவின் மூலதன ஈட்டு வீதத்தையும் பணவீக்க வீதத்துடன் ஒப்பிட்டுப் பகிரத்தக்க பங்கைக் கண்டறிந்து, அதன் மெய்யான வளர்ச்சியை விலை, அளவு, இலாப விகிதம் எனப் பிரித்து நோக்க வேண்டும். இவற்றுள் விலைக்கூறே பணவீக்கத்தைத் தாங்கும் வலிமையின் உண்மையான அடையாளம்.

4. ஒரு பிரிவின் மறுமுதலீட்டுத் தேவை அதன் இலாபத்தை விஞ்சும் நிலையில், பிரிவுகளின் கூட்டுத்தொகைக்கும் நிறுவனத்தின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு மேலாண்மையின் மூலதனப் பகிர்வு முடிவுகளால் தீர்மானிக்கப்படுகிறது.

சீஸ் கேண்டீஸின் வளர்ச்சியைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. விற்பனையில் இலாப விகிதம் 6.6 விழுக்காட்டிலிருந்து 10.3% ஆனது போன்ற உயர்வு முடிவின்றித் தொடர முடியாது. எதிர்கால மதிப்பீட்டில் அக்கூறைச் சுழியமாகக் கொள்வதே காப்பானது. மேலும், 1983இல் புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் இணைக்கப்படுவதற்குச் சற்று முன்புகூட அதில் பெர்க்சயரின் உடைமை சுமார் 60 விழுக்காடே. எனவே பங்கொன்றுக்கான மதிப்பைக் கணக்கிடுவோர் அவ்வக்காலத்து உடைமை விகிதத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். பிரிவுவாரியான மூலதனத் தரவுகளை நிறுவனங்கள் வெளியிடும் நாடுகள் எதிலும் இம்முறையைப் பின்பற்றிப் பல்தொழில் குழுமங்களை ஆராய இயலும்.